படைப்புவாதமும் பரிணாமமும்: டோவர் வழக்கில் மோதிய இரு வாத முறைகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2004 அக்டோபரில் அவ்வூர்ப் பள்ளி வாரியம், 6 பேர் ஆதரிக்க 3 பேர் எதிர்க்க, ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. டார்வினின் கோட்பாட்டில் உள்ள இடைவெளிகளையும், ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ (உயிர்களை ஓர் அறிவுள்ள காரணி வடிவமைத்தது என்ற கருத்து) உள்ளிட்ட பிற விளக்கங்களையும் மாணவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பது அத்தீர்மானத்தின் சாரம். அதன்படி, ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு வாசிக்க ஓர் அறிவிப்பு தயாரானது. டார்வின் கூறியது ஒரு கோட்பாடு, அது உண்மை என்று நிறுவப்பட்டதன்று, அதில் சான்றில்லாத இடைவெளிகள் உள்ளன, உயிரின் தோற்றம் பற்றி வேறொரு விளக்கமும் உண்டு, விரும்புவோர் அதற்கான நூலைப் பார்க்கலாம் என்று அந்த அறிவிப்பு சொன்னது. உயிரியல் ஆசிரியர்கள் அதை வாசிக்க மறுத்துவிட்டதால், 2005 ஜனவரியில் பள்ளி நிர்வாகிகளே வகுப்பறைக்கு வந்து வாசித்தார்கள். அதற்கு முன்பே, 2004 டிசம்பரில், பெற்றோர் 11 பேர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருந்தார்கள்.

படைப்புவாதத்துக்கும் பரிணாமத்துக்கும் இடையிலான விவாதத்தைப் புதிதாகப் புரிந்துகொள்ள விரும்புவோருக்கு இந்த வழக்கைவிட நல்ல நுழைவாயில் இல்லை என்பது என் கருத்து. மேடையில் பேசுபவர் தனக்கு வசதியான இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். சாட்சிக் கூண்டில் உறுதிமொழி எடுத்துக்கொண்டு அமர்ந்திருப்பவரால் அது முடியாது; எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் அடுத்த கேள்விக்கும் அதற்கடுத்த கேள்விக்கும் அவர் விடையளித்தாக வேண்டும். இரு தரப்பும் எதை நம்புகின்றன என்பதோடு, தாம் நம்புவதை எப்படி நிறுவுகின்றன என்பதும் அங்கே வெளிப்பட்டது. இந்த விவாதத்தில் நாம் உற்றுக் கவனிக்க வேண்டியது இரண்டாவதைத்தான்.

முதலில் இரு தரப்பின் நிலைப்பாடுகளைத் தெளிவாக்கிக்கொள்வோம். உயிரினங்களின் பண்புகள் தலைமுறை தலைமுறையாக மாறிவருகின்றன, இன்றுள்ள உயிர்கள் அனைத்தும் பொதுவான மூதாதைகளிலிருந்து கிளைத்தவை, அம்மாற்றத்தை வழிநடத்தும் முதன்மையான காரணங்களில் ஒன்று இயற்கைத் தேர்வு என்பவையே பரிணாமக் கோட்பாட்டின் அடிப்படைக் கூற்றுகள். ஒரு கூட்டத்தில் பிறக்கும் உயிர்கள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடுகின்றன. அவ்வேறுபாடுகளில் சில பிழைத்து இனம்பெருக்க உதவுகின்றன. உதவுபவை அடுத்த தலைமுறையில் பெருகுகின்றன. சார்லஸ் டார்வினும் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸும் தனித்தனியே எட்டிய இக்கருத்தை, 1859இல் டார்வின் விரிவான சான்றுகளோடு நூலாக்கினார்.

படைப்புவாதம் என்பது ஒரே கொள்கையன்று. விவிலியத்தின் ஆதியாகமத்தைச் சொல்லுக்குச் சொல் வரலாறாக ஏற்று, உலகம் ஆறு நாள்களில் படைக்கப்பட்டது, அதன் வயது ஏறத்தாழ 6,000 ஆண்டுகள், பாறை அடுக்குகளில் உள்ள புதைபடிவங்களில் பெரும்பாலானவை நோவா காலத்துப் பெருவெள்ளத்தில் புதைந்தவை என்று சொல்பவர்கள் இளம்பூமிப் படைப்புவாதிகள். பூமியின் நீண்ட வயதை ஏற்று, உயிரினங்களுக்குப் பொது மூதாதை உண்டென்பதை மட்டும் மறுப்பவர்கள் இன்னொரு சாரார். மூன்றாவது சாராரான அறிவார்ந்த வடிவமைப்புத் தரப்பினர் கடவுளின் பெயரையோ பூமியின் வயதையோ பேசுவதில்லை. சில உயிரமைப்புகளை ஓர் அறிவுள்ள காரணி வடிவமைத்தது என்று மட்டுமே விளக்க முடியும் என்கிறார்கள். டோவரில் வழக்காடப்பட்டது இந்த மூன்றாவது நிலைப்பாடு.

அந்த நிலைப்பாடு உருவானதற்குச் சட்ட வரலாறு ஒன்று உண்டு. 1925இல் டென்னஸி மாநிலம் பள்ளிகளில் மனிதப் பரிணாமத்தைக் கற்பிப்பதைத் தடைசெய்தது. அச்சட்டத்தை மீறியதாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர் மீது டேட்டன் நகரில் நடந்த வழக்கில், மூன்று முறை குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் அரசுத் தரப்பிலும், புகழ்பெற்ற வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ ஸ்கோப்ஸ் தரப்பிலும் வாதிட்டார்கள். ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அத்தண்டனை பின்னர் நடைமுறைக் குறையொன்றால் ரத்தானாலும், சட்டம் 1967 வரை நீடித்தது. 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அர்க்கன்ஸா மாநிலத்தின் வழக்கொன்றில், இத்தகைய தடைகள், அரசு எந்த மதத்தையும் சார்ந்து நிற்கக் கூடாது என்ற அரசமைப்பு விதிக்கு விரோதமானவை என்று தீர்ப்பளித்தது.

தடை சாத்தியமில்லை என்றானபின் உத்தி மாறியது. பரிணாமத்தைக் கற்பித்தால் ‘படைப்பு அறிவிய’லையும் சமமாகக் கற்பிக்க வேண்டும் என்று 1981இல் அர்க்கன்ஸாவும் லூசியானாவும் சட்டம் இயற்றின. முதலாவதை 1982இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றமும், இரண்டாவதை 1987இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற பெரும்பான்மையிலும் செல்லாதெனத் தள்ளின. டோவர் அறிவிப்பு மாணவர்களுக்குப் பரிந்துரைத்த ‘ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்’ என்ற நூலின் பழைய வரைவுகள் வழக்கின்போது நீதிமன்றத்துக்கு வந்தன. 1987 தீர்ப்புக்கு முந்தைய வரைவுகளில் ‘படைப்பு’ என்றிருந்த இடங்களில், தீர்ப்புக்குப் பிந்தைய வரைவுகளில் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்று இருப்பதையும், வரையறை வாக்கியம் அப்படியே தொடர்வதையும் பார்பரா ஃபாரஸ்ட் என்ற தத்துவப் பேராசிரியர் எடுத்துக்காட்டினார். ஒரு கருத்து எங்கிருந்து வந்தது என்பது அது தவறு என்பதற்குச் சான்றாகாது. ஆனால் இக்கருத்து ஆய்வின் விளைவாகப் பிறந்ததா என்ற கேள்விக்கு இந்த வரைவுகள் தெளிவான விடையைத் தந்தன.

இனி வாதத்துக்கே வருவோம். வடிவமைப்பு வாதத்தின் வலிமையை ஒருவர் உணராமல் ஒதுக்குவது சரியன்று. 1802இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் அதைத் தெளிவாக வைத்தார். வெட்டவெளியில் ஒரு கடிகாரம் கிடந்தால், அதன் சக்கரங்களும் சுருள்வில்லும் ஒரே நோக்கத்துக்காகப் பொருந்தியிருப்பதைக் கண்டு, அதைச் செய்த கைவினைஞர் ஒருவர் இருந்தார் என்று முடிவுசெய்கிறோம். கண் அதைவிட நுட்பமாகப் பொருந்தியிருக்கிறது, ஆகவே அதற்கும் ஒரு வடிவமைப்பாளர் உண்டு என்றார் அவர். கேம்பிரிட்ஜில் மாணவராயிருந்தபோது டார்வினே பேலியின் எழுத்தை விரும்பிப் படித்தவர். உயிர்களில் பொருத்தம் இருக்கிறது என்பதை டார்வின் மறுக்கவில்லை. சிறு மாற்றங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சேர்ந்துகொண்டே வந்தால் அதே பொருத்தம் உருவாகும் என்று இன்னொரு வழியைக் காட்டினார். கடிகாரம் குட்டி போடுவதில்லை. உயிர்கள் வேறுபாடுகளோடு இனம்பெருக்குகின்றன. பேலியின் ஒப்புமை முறிவது அந்த இடத்தில்தான்.

லீஹை பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி 1996இல் இவ்வாதத்தைப் புதுப்பித்தார். பல பாகங்கள் சேர்ந்தால்தான் ஓர் அமைப்பு இயங்கும், ஒன்றை அகற்றினாலும் இயக்கம் நின்றுவிடும் என்றால், அது படிப்படியாக உருவாகியிருக்க முடியாது. ஏனெனில் பாதி உருவான நிலையில் அதனால் எந்தப் பயனும் இல்லை, பயனில்லாததை இயற்கைத் தேர்வு காப்பாற்றாது. இதை அவர் ‘குறைக்க முடியாத சிக்கல்தன்மை’ என்றார். பாக்டீரியா நீந்துவதற்குச் சுழற்றும் கசையிழை, ரத்தம் உறையும் தொடர்வினை, நோயெதிர்ப்பு அமைப்பு ஆகியவற்றை எடுத்துக்காட்டுகளாகத் தந்தார். பீஹி பூமியின் வயதையும் பொது மூதாதையையும் ஏற்பவர் என்பதைச் சொல்லியாக வேண்டும். இளம்பூமிப் படைப்புவாதிகளோடு அவரை ஒன்றாகச் சேர்ப்பது நியாயமன்று.

டோவரில் இந்த வாதம் சோதனைக்கு உள்ளானது. பெற்றோர் தரப்பின் முதல் சாட்சியான பிரௌன் பல்கலைக்கழக உயிரியலாளர் கென்னத் மில்லர், கசையிழையின் அடிப்பாகத்திலுள்ள புரதங்களில் ஏறத்தாழ பத்துக்கு இணையானவை வேறு சில பாக்டீரியாக்களில் நச்சைப் பிற செல்களுக்குள் செலுத்தும் ஊசிபோல் செயல்படுவதைக் காட்டினார். அதாவது, பாகங்களை அகற்றிய பின்னும் எஞ்சியது வேறொரு வேலைக்குப் பயன்படுகிறது. ரத்தம் உறைதலில் பங்கேற்கும் புரதங்களில் ஒன்று திமிங்கிலங்களுக்கும் டால்பின்களுக்கும் இல்லை. ஆயினும் அவற்றின் ரத்தம் உறைகிறது. கமான் வளைவு கட்டும் கொத்தனார் முதலில் சென்ட்ரிங் அடித்து, கற்களை அடுக்கி, உச்சிக்கல்லை வைத்தபின் சென்ட்ரிங்கைப் பிரித்துவிடுகிறார். முடிந்த வளைவில் ஒரு கல்லை உருவினாலும் அது சரியும், ஆனால் அது ஒவ்வொரு கல்லாகத்தான் எழுந்தது. இப்போது ஒன்றின்றி மற்றொன்று நிற்காது என்பதிலிருந்து, எப்போதும் அப்படியே இருந்தது என்ற முடிவு கிடைக்காது.

நோயெதிர்ப்பு அமைப்பு எவ்வாறு பரிணமித்தது என்பதற்கு அறிவியல் இலக்கியத்தில் விடையில்லை என்று பீஹி எழுதியிருந்தார். குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் எரிக் ராத்ஸ்சைல்டு, அதே பொருளைப் பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகளையும் பல நூல்களையும் அவர் முன் அடுக்கினார். பீஹி அவை போதுமானவையல்ல என்று விடையளித்தார். அறிவியல் கோட்பாடு என்பதற்கு அவர் தந்த வரையறையின்படி சோதிடமும் அறிவியல் கோட்பாடாகிவிடுமா என்று கேட்டபோது, ஆகும் என்று ஒப்புக்கொண்டார்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இவ்வமைப்பு இயற்கையாக உருவாகியிருக்க முடியாது என்பது எதிர்மறைக் கூற்று. அது நிறுவப்பட்டாலும், ஆகவே ஒரு வடிவமைப்பாளர் செய்தார் என்ற முடிவு தானாக வந்துவிடாது. இதுவரை தெரியாத மூன்றாவது வழி இருக்கலாம். இரண்டே வாய்ப்புகள்தான் உண்டு, ஒன்று தோற்றால் மற்றொன்று வென்றதாகப் பொருள் என்ற எண்ணம் 1982 வழக்கிலேயே சுட்டிக்காட்டப்பட்ட பிழை. வடிவமைப்பாளர் யார், எப்போது செய்தார், எவ்வாறு செய்தார், எதைச் செய்திருக்க மாட்டார் என்பவற்றைச் சொல்லாத விளக்கத்திலிருந்து, அடுத்து எங்கே தேடினால் என்ன கிடைக்கும் என்று கணிக்க முடிவதில்லை.

பரிணாமத் தரப்பின் வாத முறை இந்த இடத்தில் வேறுபடுகிறது. மில்லர் நீதிமன்றத்தில் விளக்கிய ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது. மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் மனிதச் செல்லில் 46, சிம்பன்ஸி, கொரில்லா, ஒராங்ஊத்தான் ஆகியவற்றில் 48. நமக்கும் அவற்றுக்கும் பொது மூதாதை இருந்தது உண்மையானால், இந்த ஒரு ஜோடி எங்கே போயிற்று? அது முற்றாக மறைந்திருந்தால் அதிலிருந்த மரபணுக்களும் போய், அந்த உயிரே பிழைத்திருக்காது. எனவே மனித வழித்தோன்றலில் எங்கோ இரண்டு குரோமோசோம்கள் ஒன்றாக ஒட்டியிருக்க வேண்டும். அப்படி ஒட்டியிருந்தால் அடையாளங்கள் இருந்தாக வேண்டும்: குரோமோசோமின் நுனிகளில் மட்டும் இருக்கக்கூடிய டிஎன்ஏ வரிசை நடுவில் காணப்பட வேண்டும், ஒன்றுக்குப் பதிலாக இரண்டு மையப்புள்ளிகளின் (செல் பிரியும்போது குரோமோசோம் பற்றி இழுக்கப்படும் இடங்களின்) தடயம் இருக்க வேண்டும், அவற்றில் ஒன்று செயலிழந்திருக்க வேண்டும். இவை கிடைக்காவிட்டால் பொது மூதாதை என்ற கருத்துக்குப் பெரும் இடர். தேடியபோது, மனிதனின் இரண்டாம் குரோமோசோமில் இவை எல்லாம் இருந்தன; அதன் இரு பகுதிகளும் சிம்பன்ஸியின் இரு தனிக் குரோமோசோம்களோடு பொருந்தின.

கோட்பாடு தன் கழுத்தை நீட்டிவைத்த தருணம் அது. புதைபடிவங்களிலும் இதே முறை தொழிற்பட்டது. மீனிலிருந்து நான்குகால் விலங்குக்கு மாறும் நிலையிலுள்ள உயிர் இருந்திருந்தால், அது சுமார் 37.5 கோடி ஆண்டு வயதுள்ள, ஆழமற்ற நீரோடைகளில் படிந்த பாறைகளில் கிடைக்க வேண்டும் என்று கணித்து, நீல் ஷூபினும் டெட் டேஷ்லரும் அவர்கள் குழுவினரும் வடகனடாவின் எல்ஸ்மியர் தீவுப் பகுதியில் பல ஆண்டுகள் தேடினார்கள். 2004இல் கிடைத்ததுதான் டிக்டாலிக்: செதிலும் துடுப்பும் உள்ள மீன், ஆனால் தட்டையான தலையும், அசையும் கழுத்தும், துடுப்புக்குள் மணிக்கட்டை ஒத்த எலும்புகளும் உண்டு. 2010இல் போலந்தில் அதைவிட ஏறத்தாழ 2 கோடி ஆண்டு பழைய, நான்குகால் விலங்கின் காலடித் தடங்கள் வெளியிடப்பட்டபோது, டிக்டாலிக்கின் கதை முடிந்தது என்று படைப்புவாதத் தரப்பு சொன்னது. நான்குகால் விலங்குகள் எப்போது தோன்றின என்ற கணக்கு இன்னும் பழைய காலத்துக்குத் தள்ளப்பட வேண்டியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதே உயிர்தான் நம் நேரடி முன்னோர் என்று யாரும் கோரவில்லை. அத்தகைய இடைநிலை உடலமைப்பு இருந்தது என்பதே கண்டுபிடிப்பின் பொருள். புதிய சான்று வரும்போது இவ்வாறு விவரங்கள் திருத்தப்படுவதைக் கோட்பாட்டின் தோல்வியாகக் காட்டுவது, இவ்விவாதத்தில் அடிக்கடி காணப்படும் நேர்மையற்ற நகர்வு என்றே நான் கருதுகிறேன்.

இளம்பூமித் தரப்பின் முதன்மை வாதம் வேறு வகைப்பட்டது. 2014 பிப்ரவரியில் கென்டக்கியில் உள்ள படைப்பு அருங்காட்சியகத்தில் அதன் நிறுவனர் கென் ஹாம், அறிவியல் பரப்புரையாளர் பில் நையுடன் விவாதித்தார். கண்முன் சோதிக்கக்கூடிய அறிவியல் வேறு, கடந்த காலத்தைப் பற்றிய அறிவியல் வேறு. கடந்த காலத்தை யாரும் நேரில் பார்க்கவில்லை, ஆகவே அங்கே இரு தரப்பும் நம்பிக்கையிலிருந்தே தொடங்குகின்றன என்பது ஹாமின் வாதம். இந்தியாவில் 2018இல் மத்திய இணை அமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை என்று சொன்னபோது பயன்படுத்தியதும் இதன் ஒரு வடிவமே; நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் அதை மறுத்துக் கூட்டறிக்கை வெளியிட்டன.

நேரில் பாராததை அறிய முடியாது என்றால் கொலை வழக்கு எதையும் நடத்த முடியாது. கடந்த காலம் தடயங்களை விட்டுச்செல்கிறது. அத்தடயங்களை இன்று சோதிக்கலாம். யுரேனியம் குறிப்பிட்ட வேகத்தில் சிதைந்து ஈயமாகிறது. அதைக் கொண்டு 1956இல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களின் வயதைக் கணித்துப் பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்றார். வேறு தனிமங்களின் சிதைவைக் கொண்டு செய்த கணிப்புகளும் அதனோடு ஒத்துப்போகின்றன. அன்றைய விவாதத்தின் இறுதியில், உங்கள் கருத்தை எது மாற்றும் என்று இருவரிடமும் கேட்கப்பட்டது. சான்று என்றார் நை. தான் கிறிஸ்தவர் என்றும், கடவுளின் வார்த்தை உண்மையன்று என்று தன்னை யாராலும் நம்பவைக்க முடியாதென்றும் பொருள்படப் பதிலளித்தார் ஹாம். அவர் நேர்மையாகவே பேசினார். தன் நிலைப்பாடு சான்றைச் சார்ந்ததன்று என்பதை மறைக்கவில்லை.

பரிணாமம் நேரில் பார்க்கப்படவே இல்லை என்பதும் சரியன்று. கலாபகோஸ் தீவுகளில் ஒன்றான டாஃப்னி மேஜரில் பீட்டர், ரோஸ்மேரி கிரான்ட் தம்பதியர் ஃபிஞ்ச் குருவிகளைப் பல பத்தாண்டுகள் அளந்தார்கள். 1977 வறட்சியில் சிறு விதைகள் தீர்ந்து, பெரிய கடினமான விதைகளே எஞ்சியபோது, தடித்த அலகுடைய குருவிகளே அதிகம் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் சராசரி அலகு தடித்தது. இதற்குப் படைப்புவாதத் தரப்பு தரும் பதில், குருவி குருவியாகத்தானே இருக்கிறது என்பது. சிறு மாற்றத்தை ஏற்கிறோம், ஒரு ‘வகை’ இன்னொரு வகையாவதை மறுக்கிறோம் என்கிறார்கள். அப்படியானால் சிறு மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போவதை எந்தச் சுவர் தடுக்கிறது என்பதை அவர்கள்தாம் காட்ட வேண்டும். மரபணுக்களில் அத்தகைய சுவர் எதுவும் காணப்படவில்லை. அதோடு, நோவாவின் பேழையில் ஏறிய சில வகைகளிலிருந்தே இன்றைய விலங்கினங்கள் சில ஆயிரம் ஆண்டுகளில் பிரிந்தன என்று சொல்லும்போது, எந்த உயிரியலாளரும் கோராத வேகத்தில் பரிணாமம் நடந்ததாக அவர்களே சொல்ல வேண்டியதாகிவிடுகிறது.

இது வெறும் கோட்பாடுதானே என்ற வாதத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அறிவியலில் கோட்பாடு என்பது ஊகமன்று. சோதனைகளைத் தாங்கி நின்ற விளக்கம். நோய்கள் கிருமிகளால் பரவுகின்றன என்பதும் ஒரு கோட்பாடே. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைப் பரிணாமம் மீறுகிறது என்ற வாதமும் நிற்காது. ஒழுங்கின்மை குறையாது என்று அவ்விதி சொல்வது வெளியிலிருந்து ஆற்றல் பெறாத தனித்த அமைப்புக்கு, பூமியோ சூரியனிடமிருந்து இடைவிடாமல் ஆற்றலைப் பெறுகிறது.

உயிரற்ற பொருளிலிருந்து முதல் உயிர் எவ்வாறு தோன்றியது என்பது மட்டும் இன்றும் திறந்திருக்கும் கேள்வி. பரிணாமக் கோட்பாடு உயிர் தோன்றியபின் நடந்ததை விளக்குவது. முதல் உயிரின் தோற்றம் வேதியியலோடு பிணைந்த தனி ஆய்வு. முதல் உயிரின் தோற்றம் இன்னும் விளங்கவில்லை என்பதால், மனிதனுக்கும் சிம்பன்ஸிக்கும் பொது மூதாதை உண்டென்ற முடிவு தளர்வதில்லை.

பரிணாமத்தை ஆதரிப்போரிலும் சிலர் எல்லை மீறுகிறார்கள். பரிணாமம் உண்மை, ஆகவே கடவுள் இல்லை என்று அவர்கள் சொல்லும்போது, உயிரியல் நிறுவாத ஒன்றை உயிரியலின் பெயரால் கோருகிறார்கள். அதனால் நம்பிக்கையுள்ள மாணவர், பாடத்தை ஏற்க வேண்டுமானால் தன் வழிபாட்டைக் கைவிட வேண்டுமோ என்று அஞ்ச நேர்கிறது. டோவரில் படைப்புவாதத்துக்கு எதிராகச் சாட்சி சொன்ன மில்லர் கத்தோலிக்கர். மனித மரபணுத்தொகைத் திட்டத்தை வழிநடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் சுவிசேஷக் கிறிஸ்தவர். போப் இரண்டாம் ஜான் பால் 1996இல், பரிணாமம் ஒரு கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று கூறினார்.

தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜான் ஜோன்ஸும், மதப்பற்றைத் தன் அரசியலின் பகுதியாகவே கொண்டிருந்த குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷால் நியமிக்கப்பட்டவர். 2005 டிசம்பர் 20 அன்று வெளியான அவருடைய 139 பக்கத் தீர்ப்பு, அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியலன்று என்று கூறியது. இயற்கைக்கு அப்பாற்பட்ட காரணத்தை அது துணைக்கழைக்கிறது, பரிணாமம் தோற்றால் வடிவமைப்பு வெல்லும் என்ற போலி இருமையில் நிற்கிறது, பரிணாமத்தின் மீதான அதன் தாக்குதல்கள் அறிவியலாளர்களால் மறுக்கப்பட்டுவிட்டன என்பவை அதற்கான காரணங்கள். அதற்கு முன்பே நவம்பரில் நடந்த தேர்தலில், போட்டியிட்ட பழைய வாரிய உறுப்பினர்கள் 8 பேரும் தோற்றிருந்தார்கள். புதிய வாரியம் மேல்முறையீடு செய்யவில்லை. வழக்குச் செலவாகப் பெற்றோர் தரப்புக்கு ஏறத்தாழ 10 லட்சம் டாலரைப் பள்ளி மாவட்டம் செலுத்த நேர்ந்தது.

மேல்முறையீடு இல்லாததால் அத்தீர்ப்பு அந்த நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே யாரையும் கட்டுப்படுத்தாது. 2008இல் லூசியானாவும் 2012இல் டென்னஸியும் இயற்றிய சட்டங்களில் படைப்பு என்ற சொல்லும் இல்லை, வடிவமைப்பு என்ற சொல்லும் இல்லை. பரிணாமம் போன்ற பாடங்களை மாணவர்கள் விமர்சன நோக்கில் ஆராய ஆசிரியர்கள் உதவலாம் என்று மட்டும் அவை சொல்கின்றன. விமர்சன நோக்கு நல்லதுதான், அதை எல்லாப் பாடங்களுக்கும் கேட்டிருந்தால் யாரும் எதிர்த்திருக்க மாட்டார்கள். ஐன்ஸ்டைனின் சார்பியலுக்கும் தனிம அட்டவணைக்கும் கேட்காத அந்தச் சலுகையைப் பரிணாமத்தைப் பெயர் சொல்லிக் கேட்பது ஏன் என்பதற்கு, அச்சட்டங்களை ஆதரிப்பவர்கள் அறிவியல் காரணம் எதையும் இன்னும் முன்வைக்கவில்லை.